ஒரே தண்டல்காரனும் தெருவுக்கொரு தண்டல்காரனும்: முற்றதிகார அரசு, தோற்றுப்போன அரசு – ஓர் எளிய விளக்கம்

மின்சாரம் நாலு நாள் வராவிட்டால் "இதெல்லாம் ஓர் அரசா, தோற்றுப்போன அரசு" என்கிறோம். ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்தால் "ஹிட்லர் ஆட்சி" என்கிறோம். கோபத்தில் கைக்கு அகப்படும் கற்களைப் போல இந்த இரண்டு சொற்களும் எல்லாத் திசையிலும் பறக்கின்றன. கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் உண்மையிலேயே அப்படிப்பட்ட அரசுகளின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது இந்தக் கல்லெறியில் மறைந்துபோகிறது.

இந்தப் பேச்சுக்கு அடியில் பலரும் ஒரு நேர்கோட்டைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். கோட்டின் ஒரு முனையில் எல்லாம் வல்ல முற்றதிகார அரசு; மறுமுனையில் எதற்கும் ஆகாத, தோற்றுப்போன அரசு; நல்ல அரசு நடுவில் எங்கோ இருக்கிறது. குழப்பத்தால் நொந்தவர் "இரும்புக் கரம் வேண்டும்" என்று ஒரு பக்கம் நகரச் சொல்கிறார். கெடுபிடியால் நொந்தவர் "அரசு இல்லாவிட்டாலே நிம்மதி" என்று மறுபக்கம் இழுக்கிறார். என் கருத்தில் இரண்டு பேரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். அப்படி ஒரு கோடே கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

## அரசு வேறு, அரசாங்கம் வேறு

அரசாங்கம் என்பது இன்று ஆட்சியில் இருக்கும் ஆட்கள். அரசு என்பது அவர்கள் போன பிறகும் இருப்பது: காவல் நிலையம், நீதிமன்றம், வரி அலுவலகம், நிலப் பதிவேடு, படை, கருவூலம். தேர்தலில் தோற்பது அரசாங்கம். அரசு தோற்பது அதைவிடப் பன்மடங்கு பெரிய விபத்து.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1919-இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில் அரசுக்கு ஓர் இலக்கணம் சொன்னார். ஒரு நிலப்பரப்புக்குள் முறையாகப் பலத்தைப் பயன்படுத்தும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று கோரி, அதை நிலைநாட்டிக்கொள்ளும் அமைப்பே அரசு. அடிக்க, கைதுசெய்ய, சொத்தைப் பறிமுதல் செய்ய உரிமை ஒருவருக்கு மட்டுமே இருக்கிறது. மற்றவர் செய்தால் அது குற்றம். எந்த அரசையும் கழற்றிப் பார்த்தால் உள்ளே இதுதான் இருக்கிறது.

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குடியிருப்பில் காவலாளியிடம் எல்லா வீட்டுச் சாவியும் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறார். யார் உங்களைப் பார்க்க வரலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். குடியிருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து பேசினால் அது குற்றம். இரண்டாவது குடியிருப்பில் காவலாளி ஓடிவிட்டார். தண்ணீர் மோட்டார் பழுது, மின்தூக்கி நடுவழியில் நிற்கிறது, வாசலில் கம்போடு நிற்பவன் போக வரப் பணம் கேட்கிறான், பின்வாசலில் வேறொருவன்.

இப்போது ஒரு கேள்வி. முதல் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் வருமா? வரும் என்றுதான் சட்டென்று தோன்றும். சாவிக்கொத்து முழுவதையும் கையில் வைத்திருப்பவரால் மோட்டாரை ஓட்ட முடியாதா என்ன? முடியாமல் போகலாம். பூட்டைத் திறப்பது ஒரு திறமை, மோட்டாரை ஓட்டுவது வேறொரு திறமை.

## இரண்டு வகை ஆற்றல்

இந்த வேறுபாட்டை மைக்கேல் மான் என்ற சமூகவியலாளர் 1984-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அவருடைய கலைச்சொற்கள் கொஞ்சம் கரடுமுரடானவை; இங்கே எளிதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவது, அடக்கும் ஆற்றல்: யாரையும் கேட்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் மக்கள்மீது எதையும் செய்ய ஆட்சியாளருக்கு இருக்கும் வலிமை. இரண்டாவது, நிறைவேற்றும் ஆற்றல்: எடுத்த முடிவை நாட்டின் கடைக்கோடி வரை கொண்டுபோய் நடத்திக்காட்டும் வலிமை. தடுப்பூசி போடுவது, வரி வசூலிப்பது, அணையைப் பராமரிப்பது, வழக்கில் தீர்ப்புச் சொல்லி அதைச் செயல்படுத்துவது எல்லாம் இதில் அடங்கும்.

ஒன்று கூடினால் மற்றது கூட வேண்டும் என்பதில்லை. டென்மார்க் பிரதமரால் ஒரு பத்திரிகையாளரைத் தன் விருப்பப்படி சிறையில் போட முடியாது. ஆனால் அந்நாட்டு அரசுக்கு ஒவ்வொரு குடிமகனின் வருமானமும் தெரியும், வரியும் ஒழுங்காக வந்து சேர்கிறது. 1965 முதல் 1997 வரை ஜயீரை, அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசை, ஆண்ட மொபுட்டு இதற்கு நேர் எதிர். யாரை வேண்டுமானாலும் தூக்கிலிட அவரால் முடிந்தது. பூர்வீக ஊரான பாடோலித்தேயில் அரண்மனை கட்டி, கான்கார்ட் விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதையும் போட்டுக்கொண்டார். அதே காலத்தில் நாட்டின் சாலைகளைக் காடு விழுங்கியது. பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றுபோய், பிள்ளைகளின் பெற்றோர் கூடிக் காசு சேர்த்துக் கொடுத்துப் பள்ளிகளை நடத்தும் நிலை வந்தது.

ஆகவே இதுவரை சொன்னது இவ்வளவுதான். அரசின் பலத்தை அளக்க ஒரு கோல் போதாது, இரண்டு வேண்டும். முற்றதிகார அரசு என்பது அடக்கும் ஆற்றலுக்கு எல்லையே இல்லாத, குடிமக்களின் தனி வாழ்க்கையையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவர முயலும் அரசு. தோற்றுப்போன அரசு என்பது பலத்தைத் தன்னிடம் மட்டும் வைத்திருக்கும் நிலையை இழந்து, நிறைவேற்றும் ஆற்றலும் அற்றுப்போன அரசு. இவை இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்பதால், ஒரு நாடு இரண்டிலும் ஒரே நேரத்தில் கால் வைக்க முடியும். அதைப் பிறகு பார்ப்போம்.

## சுவருக்கும் காது இருந்தபோது

முற்றதிகார அரசு என்றதும் சிறையும் சித்திரவதையும்தான் நினைவுக்கு வரும். அவை உண்டு. ஆனால் அங்கே வாழ்ந்த பெரும்பாலோர் சிறைக்குப் போகவில்லை. அவர்களுடைய அன்றாடத்தை ஆட்டிவைத்தது வேறு.

கிழக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை சுமார் 1.6 கோடி. 1989-இல் அதன் ரகசியப் போலீஸான ஷ்டாஸியில் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். அவர்களுக்கு வெளியே, தகவல் தருவோர் என்று பதிவு செய்யப்பட்டவர்கள் 1,70,000-க்கும் மேல். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், மகனின் ஆசிரியர், சில சமயம் கட்டிய கணவனே கூட. 1992-இல் கோப்புகள் திறக்கப்பட்டபோது, தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தவர் யார் என்பதை அறிந்து மனம் உடைந்தவர்கள் பலர்.

1970-களில் இந்த அமைப்பு ஒரு புதிய வழிமுறையைக் கையாளத் தொடங்கியது. கைது செய்தால் வெளிநாட்டில் பெயர் கெடுகிறது. ஆகவே எதிர்ப்பாளர் வெளியே இருக்கும்போதே அவரை உள்ளுக்குள் சிதைத்துவிடுவது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைவார்கள். எதையும் திருட மாட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த படத்தை இடம் மாற்றுவார்கள். அலாரம் கடிகாரத்தின் நேரத்தைத் திருப்பிவைப்பார்கள். டப்பாவில் இருந்த தேயிலையை எடுத்துவிட்டு வேறு வகைத் தேயிலையைப் போட்டுவைப்பார்கள். வீட்டுக்காரர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்? "யாரோ என் தேயிலையை மாற்றிவிட்டார்கள்" என்று சொன்னால் நண்பர்களே அவருடைய மனநலத்தைச் சந்தேகிப்பார்கள். திட்டமும் அதுதான்.

ருமேனியாவில் 1983-இல் ஓர் ஆணை வந்தது. தட்டச்சு எந்திரம் வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். எழுத்துகளின் மாதிரியையும் தட்டிக் கொடுக்க வேண்டும். எங்காவது துண்டுப் பிரசுரம் கிடைத்தால் எந்த எந்திரத்தில் அடித்தது என்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? வட கொரியாவில் இருபது முப்பது வீடுகளுக்கு ஓர் 'இன்மின்பன்' என்ற குழு. அதன் தலைவி எந்த வீட்டில் யார் இரவு தங்கினார்கள் என்பதுவரை அறிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே 'சொங்பூன்' என்ற தரவரிசையும் உண்டு. பாட்டனார் யார் பக்கம் நின்றார் என்பதைப் பொறுத்துப் பேரனுக்குக் கல்லூரி, வேலை, தலைநகரில் வசிக்கும் உரிமை எல்லாம் அமைகின்றன.

இத்தனை காதுகள் வைத்திருந்த அரசுகளுக்கு நாட்டு நடப்பு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்போம். பயம் உண்மையை மேலே போகவிடாது என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

சோவியத் ஒன்றியத்தில் 1937 ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 1932–33 பஞ்சத்தில் மாண்டவர்களின் இடம் கணக்கில் வெற்றாகத் தெரிந்தது. மொத்தம் சுமார் 16.2 கோடிதான் வந்தது. ஸ்டாலின் ஏற்கெனவே அறிவித்திருந்த எண்ணிக்கைக்கே எட்டவில்லை. கணக்கெடுப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதை நடத்திய புள்ளியியலாளர்கள் கைதானார்கள். சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1939-இல் மறுபடியும் எண்ணினார்கள். இரண்டாம் முறை எண்ணியவர்களுக்கு என்ன விடை சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

விளைச்சலையும் தொழிலையும் ஒரே தாவலில் பெருக்க மாவோ தொடங்கிய சீனாவின் பெரும் பாய்ச்சல் காலத்தில், 1958 முதல், இதே நோய் இன்னும் பெரிய அளவில் வந்தது. அமோக விளைச்சல் என்று காட்டினால்தான் பதவி நிலைக்கும் என்பதால் உள்ளூர் அதிகாரிகள் இல்லாத தானியத்தைக் கணக்கில் எழுதினார்கள். அந்தக் கணக்கை வைத்து அரசு தன் பங்கை அள்ளிக்கொண்டு போனது. விளைவித்த கிராமத்தில் விதை நெல்கூட மிஞ்சவில்லை. பட்டினியில் இறந்தவர்களின் எண்ணிக்கையில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. குறைந்த மதிப்பீடே ஒன்றரைக் கோடி, உயர்ந்த மதிப்பீடு அதைப்போல மூன்று மடங்கு. இதற்குப் போர் காரணமில்லை, உள்நாட்டுக் கலகம் காரணமில்லை, அரசு நிலைகுலையவும் இல்லை. நிலைகுலையாமல் நின்றதால்தான் கிராமத்துக் கடைசி மூட்டைவரை அதனால் எடுத்துப்போக முடிந்தது.

## தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்

சோமாலியாவில் 1969-இல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்த சியாத் பாரே 1991 ஜனவரியில் தலைநகர் மொகதிஷுவிலிருந்து தப்பி ஓடினார். பல ஆண்டுகளுக்கு அந்நாட்டில் நடைமுறையில் மத்திய அரசே இல்லை. "அரசு இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும்" என்ற கேள்விக்கு இதைவிட நீண்ட உதாரணம் நம் காலத்தில் கிடையாது. விடையோ இரு தரப்பினரும் எதிர்பார்ப்பதைவிடச் சிக்கலானது.

முதலில் சாலை. ஆயுதக் குழு ஒவ்வொன்றும் குறுக்கே ஒரு கயிறோ கல்லோ போட்டுச் சோதனைச் சாவடி அமைத்தது. லாரி ஓட்டுநர் துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்பட்டால் ஒவ்வொரு சாவடியிலும் பணம். ஒரு சாவடியில் கொடுத்தது அடுத்த சாவடிக்காரனுக்குக் கணக்கில்லை. எவ்வளவு கேட்பான் என்பதும் தெரியாது. அன்றைக்கு அவன் இருக்கும் மனநிலையைப் பொறுத்தது. இந்தச் செலவு முழுவதும் கடைசியில் மூட்டை அரிசி வாங்குபவர் தலையில் விடிந்தது.

இனி பணம். மத்திய வங்கி மூடிப்போன பிறகும் சோமாலி ஷில்லிங் நோட்டு செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது! யாரும் உத்தரவாதம் தராத பழைய நோட்டை மக்கள் ஒருவரையொருவர் நம்பி வாங்கிக்கொண்டார்கள். பிறகு வணிகர்களும் போர்த்தலைவர்களும் வெளிநாட்டு அச்சகங்களில் புது நோட்டுகளை அடித்து இறக்கினார்கள். ஆயிரம் ஷில்லிங் நோட்டின் மதிப்பு விழுந்துகொண்டே போய், கிட்டத்தட்ட அதை அச்சடிக்க ஆகும் செலவுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே போனால் அச்சடிப்பதில் லாபமில்லையே. இதையும் வட கொரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே 2009 நவம்பர் 30 அன்று பழைய நூறு வொன்னுக்குப் புதிய ஒரு வொன் என்று திடீரென அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ளும் தொகைக்கும் வரம்பு கட்டினார்கள். சந்தையில் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் சேமிப்பு சில நாட்களில் காகிதமானது. அரசே இல்லாத நாட்டில் பணம் மெல்லத் தேய்ந்தது. எல்லாம் வல்ல அரசு உள்ள நாட்டில் ஒரே அறிவிப்பில் செத்தது.

தொலைபேசித் தொழிலும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் ஹவாலா நிறுவனங்களும் சோமாலியாவில் செழித்தன. பொருளியலாளர் பீட்டர் லீசன், பாரே ஆட்சியின் கடைசி ஆண்டுகளோடு ஒப்பிட்டால் பல நலக் குறியீடுகள் அரசு இல்லாத காலத்தில் மேம்பட்டிருக்கின்றன என்று 2007-இல் எழுதினார். "பார்த்தீர்களா, அரசு தேவையே இல்லை" என்று இதைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. லீசன் ஒப்பிட்டது நல்ல அரசோடு அல்ல. சொந்த நகரங்களின் மீதே குண்டு வீசிய ஓர் அரசோடு. 1988-இல் பாரேயின் விமானங்கள் ஹர்கெய்ஸா நகரைத் தரைமட்டமாக்கின. அந்த அளவுகோலுக்கு எது வந்தாலும் தேவலாம் என்றுதான் தோன்றும்.

சந்தையால் கொண்டுவர முடியாதவை எவை என்பது 2011-இல் தெரிந்தது. மழை பொய்த்தது, விலை ஏறியது, தெற்கைப் பிடித்து வைத்திருந்த அல்-ஷபாப் என்ற இஸ்லாமியத் தீவிரவாதக் குழு பல நிவாரண அமைப்புகளை உள்ளே விடவில்லை. சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள். பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அதே வறட்சி கென்யாவையும் எத்தியோப்பியாவையும் தாக்கியது. அங்கே ஐ.நா. பஞ்சம் என்று அறிவிக்கும் நிலை வரவில்லை.

துப்பாக்கிச் சத்தமே இல்லாமலும் அரசு தோற்கும். லிபியாவின் தெர்னா நகருக்கு மேலே, பள்ளத்தாக்கில், 1970-களில் கட்டிய இரண்டு அணைகள் இருந்தன. விரிசல்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தவை. பழுது பார்க்க 2007-இல் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். வேலை தொடங்கிய சில மாதங்களில் 2011 போர் வந்தது, நிறுவனத்தார் போய்விட்டார்கள். பிறகு நாட்டில் இரண்டு அரசாங்கங்கள், கணக்கில்லாத ஆயுதக் குழுக்கள். நீரியல் ஆய்வாளர் ஒருவர் 2022-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியே எச்சரித்தார். எச்சரிக்கையை எந்த மேஜையில் வைப்பது? 2023 செப்டம்பர் 10 இரவு டேனியல் புயலின் மழையில் இரண்டு அணைகளும் அடுத்தடுத்து உடைந்தன. தூங்கிக்கொண்டிருந்த நகரின் ஒரு பகுதியை வெள்ளம் கடலுக்குள் வாரிக்கொண்டு போனது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

முற்றதிகார அரசையும் தோற்ற அரசையும் பக்கத்தில் வைத்தால் பயத்தின் தன்மை மாறுவது தெரியும். ஒன்றில் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது தெரியும். எதற்காகத் தண்டிப்பார்கள் என்பதுதான் தெரியாது. மற்றொன்றில் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதே வாரத்துக்கு வாரம் மாறும். இரண்டிலும் முறையிட ஓர் இடம் கிடையாது. அங்கே முறையிட்டால் ஆபத்து; இங்கே முறையிட ஆளில்லை.

## மக்கள் ஏன் கொடுங்கோலனை வரவேற்கிறார்கள்?

சாவடிகளால் நொந்தவர்கள் கடுமையான ஒரே தலைவனை ஏன் வரவேற்கிறார்கள் என்பதற்குப் பொருளியலாளர் மேன்கர் ஓல்சன் 1993-இல் ஒரு விளக்கம் சொன்னார். 1920-களின் சீனாவில், ஃபெங் யூசியாங் என்ற போர்த்தலைவர் மக்களிடம் கறாராக வரி வசூலித்தும் அவரது பகுதி மக்கள் அவரையே விரும்பினார்கள் என்பது ஓல்சனுக்கு விநோதமாகப் பட்டது. விடை இது. ஊர் ஊராகத் திரியும் கொள்ளைக்காரன் இன்று அகப்பட்டதை எல்லாம் எடுத்துவிடுவான். நாளை அந்த ஊருக்கு வருவானா என்பது அவனுக்கே தெரியாது. ஒரே இடத்தில் நிலைத்துவிட்ட கொள்ளைக்காரனுக்கு அடுத்த ஆண்டும் வசூல் வேண்டும். ஆகவே விதைக்கு மிச்சம் வைப்பான், மற்றத் திருடர்களை விரட்டுவான், சாலைகூடப் போடுவான். அன்பினால் செய்யவில்லை; கணக்குப் பார்த்துச் செய்கிறான்.

1994-இல் காந்தஹாரில் தாலிபான்கள் எழுந்தபோது அவர்களுக்குக் கிடைத்த முதல் ஆதரவு, சாலைச் சாவடிக் கும்பல்களை அடித்து விரட்டியதால் வந்தது. 2006-இல் மொகதிஷுவை ஆறு மாதம்போலக் கையில் வைத்திருந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பும் அப்படித்தான் செல்வாக்குப் பெற்றது. அல்-ஷபாப்பின் சாவடியில் பணம் கட்டினால் ரசீது தருகிறார்கள். அடுத்த சாவடியில் காட்டினால் மறுபடி கட்ட வேண்டாம். ஒரு லாரி ஓட்டுநரின் இடத்தில் நின்று பார்த்தால் அந்தத் துண்டுக் காகிதத்தின் மதிப்பு புரியும்.

ஓல்சனின் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கொடுங்கோலனுக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும். நிலைத்த கொள்ளைக்காரன் நாளைய வசூலைப் பற்றிக் கவலைப்படுகிறவரைதான் அடக்கமாக இருப்பான். தன் நாற்காலியே ஆட்டம் கண்டால் அவனும் வழிப்பறிக்காரன்தான். வசூலைவிடக் கொள்கை பெரிதென்று நினைப்பவன் இன்னும் ஆபத்து. 1975 ஏப்ரலில் கம்போடியாவைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் பணத்தையே ஒழித்தது, நகரங்களைக் காலிசெய்தது. நாலாண்டுக்குள் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் மாண்டார்கள். இதில் எந்த லாபக் கணக்கும் இல்லை.

## ஒன்றின் வயிற்றில் மற்றொன்று

இப்போது நேர்கோட்டுப் படம் ஏன் செல்லாது என்பதற்கு வருவோம். தோற்றுப்போன அரசு என்று நாம் சுட்டும் நாடுகளின் முந்தைய ஆட்சியைப் பாருங்கள். சோமாலியாவில் பாரே, 21 ஆண்டுகள். லிபியாவில் கடாபி, 42 ஆண்டுகள். ஜயீரில் மொபுட்டு. ஈராக்கில் சதாம் உசேன். எல்லாமே கெடுபிடி ஆட்சிகள். இது தற்செயல் இல்லை என்பது என் வாதம்.

கெடுபிடி ஆட்சியாளருக்குத் தனக்கும் தனி மனிதனுக்கும் நடுவில் இருக்கும் எதுவும் கண்ணில் விழுந்த தூசு. தொழிற்சங்கம், வழக்கறிஞர் சங்கம், சுயேச்சையான நீதிமன்றம், மசூதிக் குழு, ஊர்ப் பெரியவர்கள் சபை, தன் சொல்லைக் கேட்காத படைத்தளபதி என்று ஒவ்வொன்றாக உடைக்கிறார் அல்லது விலைக்கு வாங்குகிறார். கடாபி இதில் உச்சத்துக்கே போனவர். முறையான அமைப்பு எதையும் வளரவிடவில்லை, தன் படையையே பலவீனமாக வைத்திருந்தார். ஒரே ஒரு தூணில் கூரை நிற்கிறது. தூண் சரிந்ததும் தாங்கிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டாரோடு பேசவே விடாத காவலாளி ஒருநாள் ஓடிவிட்டால், மோட்டாரைப் பழுதுபார்க்கக் கூடிப் பேசும் பழக்கம் யாருக்கும் இருக்காது. ஈராக்கில் இந்த வேலையை வெளியாரே முடித்துக் கொடுத்தார்கள். 2003 மே 23 அன்று அமெரிக்க நிர்வாகம் ஈராக் ராணுவத்தைக் கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் ஒரே கையெழுத்தில் வேலையிழந்து தெருவுக்கு வந்தார்கள்.

இதற்கு மறுசாட்சி சோமாலியாவிலேயே இருக்கிறது. வடமேற்கில் உள்ள சோமாலிலாந்து 1991 மே மாதம் தனியாகப் பிரிவதாக அறிவித்தது. பாரேயின் குண்டுகளில் அதிகம் அழிந்த பகுதி அதுதான். ஆனால் அங்கே குலப் பெரியவர்களின் சபை உயிரோடு இருந்தது. 1993-இல் போராமா என்ற ஊரில் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். ஆயுதக் குழுக்களை எப்படிக் கலைப்பது, சாவடிகளை யார் அகற்றுவது, அதிகாரத்தை எப்படிப் பங்கிடுவது என்று முடிவுசெய்தார்கள். 'குர்த்தி' என்ற பெரியவர் அவை சட்டமன்றத்தின் மேலவையாகவே ஆனது. பிறகு தேர்தல்கள் நடந்தன, ஆட்சி கைமாறியது. சொர்க்கம் இல்லை, கிழக்கே லாஸ் அனோதில் 2023-இல் கடும் சண்டை மூண்டு அந்நகரம் கைவிட்டுப் போனது. இருந்தாலும் தெற்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஒரே மொழி, ஒரே மதம், ஒரே சர்வாதிகாரியிடம் பட்ட அனுபவம். தென்பகுதியிலும் பெரியவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அங்கே பாரேயின் தலைநகரமும் துறைமுகமும் இருந்தன, அவற்றைப் பிடிக்கப் போர்த்தலைவர்களின் போட்டியும் இருந்தது.

இரண்டிலும் ஒரே நேரத்தில் கால் வைக்கும் நாட்டுக்கு வட கொரியாவின் 1990-கள் சரியான உதாரணம். அரசு ரேஷனை மட்டுமே நம்பி வாழப் பழக்கப்பட்ட மக்கள். சோவியத் உதவி நின்றதும் ரேஷன் நின்றது. லட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். உளவு நிற்கவில்லை, முகாம்கள் மூடப்படவில்லை. அடக்கும் கை முழு பலத்தோடு இருந்தது. ஊட்டும் கை மட்டும் விழுந்துவிட்டது. அனுமதியில்லாமல் வயல்வெளியில் முளைத்த சந்தைகள்தான் மிச்சப் பேரைக் காப்பாற்றின.

## எது மோசம்?

எங்கே, எப்போது, யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. வாயை மூடிக்கொண்டு, சரியான குடும்பத்தில் பிறந்து, 1970-களின் கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்தவருக்கு வேலை உண்டு, வீடு உண்டு, தெருவில் பயமில்லாமல் நடக்கலாம். அதே ஆண்டுகளில் மொகதிஷுவும் அமைதியாகத்தான் இருந்தது. பதினைந்து இருபது ஆண்டு கழித்து கிழக்கு ஜெர்மானியர்கள் பெர்லின் சுவரை இடித்துவிட்டு அண்டைப் பணக்கார நாட்டோடு இணைந்தார்கள்; மொகதிஷுக்காரர்களுக்கு இணைந்துகொள்ள எவரும் இல்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய சாவுகள் வலிமையான அரசுகளின் கையால் நடந்தவை. தோற்ற அரசுகள் அந்த அளவுக்கு ஒழுங்காகக் கொல்லும் திறன் அற்றவை. ஆனால் அன்றாட வாழ்க்கையைக் கேட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அது திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு இந்தப் புள்ளிவிவரம் ஆறுதல் தராது. ஹைட்டியின் தலைநகர் போர்-ஓ-பிரின்ஸில் இன்று அதுதான் நிலை; 2024-இன் தொடக்கத்தில் கும்பல்கள் சிறையை உடைத்துக் கைதிகளை வெளியே விட்டன, விமான நிலையம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

## செய்தியில் இந்தச் சொற்களைக் காணும்போது

நாடுகளை நிலையின்மைப்படி வரிசைப்படுத்தும் பட்டியல் ஒன்றை அமெரிக்காவின் அமைதிக்கான நிதியம் 2005 முதல் வெளியிடுகிறது. முதலில் அதன் பெயர் தோற்ற அரசுகளின் குறியீடு. 2014-இல் நலிந்த அரசுகளின் குறியீடு என்று மாற்றினார்கள். முழுதாகத் தோற்ற அரசு அபூர்வம் என்பதால் இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன். பெரும்பாலும் தலைநகரில் அரசு இருக்கும், இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்காது. பகலில் இருக்கும், இரவில் இருக்காது.

அதனால் ஒரு நாட்டுக்கு இந்த முத்திரை குத்தப்படும்போது, முழு நாட்டையும் விட்டுவிட்டு ஒரு மாவட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே வரி வாங்குவது யார், எத்தனை பேர்? நிலத்தகராறு வந்தால் எங்கே போகிறார்கள்? அரசுக்கு எதிராக வழக்குப் போட்டு ஜெயித்தவர் யாராவது உண்டா? மொகதிஷுவில் கடை வைத்திருக்கும் வணிகர் இன்று அரசாங்கத்துக்கும் வரி கட்டுகிறார், அதே நகரிலிருந்து என்றோ விரட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அல்-ஷபாப்புக்கும் கட்டுகிறார். நிலத்தகராறுக்கு அரசு நீதிமன்றத்தை விட்டுவிட்டு அல்-ஷபாப் நீதிமன்றத்துக்குப் பயணம் போகிறவர்கள் அங்கே உண்டு. தீர்ப்பு சீக்கிரம் வருகிறது, லஞ்சம் குறைவு, எதிராளி கீழ்ப்படிந்தே தீர வேண்டும். மேல்முறையீடுதான் கிடையாது.